டெல்டா வாய்க்காலில் ஜிலேபி நிறைந்ததும் கரிமீன் குறைந்ததும்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "எங்கள் வாய்க்காலிலும் குளத்திலும் வலை போட்டால் ஜிலேபி மட்டும்தான் வருகிறது. தாத்தா காலத்தில் கரிமீன் நிறைய இருந்ததாம். ஜிலேபி வந்துதான் அதை அழித்ததா? கரிமீன் குஞ்சு வாங்கிக் குளத்தில் விட்டால் திரும்பப் பெருகுமா?"

பெருக வாய்ப்பு உண்டு, தம்பி. ஆனால் குஞ்சு விடுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. கரிமீன் முட்டையிடுகிற மீன் மட்டும் இல்லை, பிள்ளை வளர்க்கிற மீன். வளர்க்க இடமும் நாளும் இல்லாத குளத்தில் எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டாலும் அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும். ஜிலேபி ஒரு காரணம்தான். அது ஜெயிக்கிற மாதிரி நம் நீர்நிலைகளை நாம் மாற்றி வைத்திருப்பது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும்.

முதலில் பலருக்கும் தெரியாத ஒன்று: கரிமீனும் ஜிலேபியும் (திலாப்பியா என்பதும் இதுதான்) ஒரே குடும்பம். சிக்லிட் என்பது குடும்பப் பெயர். உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிக்லிட் இனங்களே 1,700-க்கு மேல். பெரும்பாலானவை ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளிலும் தென், மத்திய அமெரிக்காவின் ஆறுகளிலும் இருக்கின்றன. இந்தியாவுக்கு இயற்கையாக உரியவை மூன்றே மூன்று. ஒன்று கரிமீன். இரண்டாவது, உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் மீன். கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள், அலங்கார மீன் கடைகளில் ஆரஞ்சு குரோமைடு. மூன்றாவது கர்நாடகக் கடலோரத்து ஆறுகளில் மட்டும் வாழும் கனரா கரிமீன். முதல் இரண்டும் நம் டெல்டாவின் கழிமுகங்களில் இருக்கின்றன.

இந்த மூன்றுக்கும் நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இல்லை, மடகாஸ்கர் தீவில் இருக்கிறது. அங்குள்ள பாரெட்ரோப்ளஸ் என்ற பேரினமும் நம் கரிமீன் வகையும் ஒரே கிளை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்து, சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. மீன்களும் நிலத்தோடு சேர்ந்தே பிரிந்தன என்று ஒரு தரப்பு சொல்கிறது. கிடைத்திருக்கும் சிக்லிட் புதைபடிவங்களில் மிகப் பழையவை, தான்சானியாவில் கிடைத்தவை, ஏறக்குறைய நாலரைக் கோடி ஆண்டுப் பழமைதான். அதனால் நிலம் பிரிந்த பிறகு கடல் வழியாகத்தான் பரவியிருக்க வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. விவாதம் முடியவில்லை. எப்படி இருந்தாலும், ஜிலேபியின் ஆப்பிரிக்கக் கிளையும் கரிமீனின் கிளையும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து போனவை. அவை மறுபடி ஒரே வாய்க்காலில் சந்தித்தது மனிதர்களால், அதுவும் எழுபத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால்தான்.

மீன் அறிவியலுக்கும் டெல்டாவுக்கும் பழைய தொடர்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கரிமீனை 1790-லும் ஆரஞ்சு குரோமைடை 1795-லும் அறிவியல் உலகத்துக்கு விவரித்தவர் பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்கஸ் எலீசர் புளோக். அந்தக் காலத்தில் அவருக்கு இந்திய மீன்களை அனுப்பி வைத்தவர்களில் முக்கியமானவர் தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். அந்த நன்றிக்காகத்தான் கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று புளோக் பெயர் வைத்தார். டெல்டாக் கரையிலிருந்து போன மீன்கள் உலக மீனியலின் அடித்தளத்தில் இருக்கின்றன. ஆனால் இன்றைக்கு நம் வாய்க்காலில் என்ன மீன் இருக்கிறது என்ற சரியான கணக்கை எந்த ஊராட்சியிலும் நான் பார்த்ததில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

சரி, வலையில் வந்தது எது என்று எப்படி அடையாளம் காண்பது? கரிமீன் வட்டமாக, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். சாம்பல் கலந்த பச்சை உடம்பில் மேலிருந்து கீழாக ஏழெட்டு கறுப்புப் பட்டைகள், செதில்களில் முத்து முத்தாக வெள்ளைப் புள்ளிகள், வாய் சின்னது. ஜிலேபியின் உடம்பு நீளம் கூடியது, வாய் பெரியது. நம் வாய்க்கால்களை நிறைத்திருக்கும் மொசாம்பிக் ஜிலேபியின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் உடம்பெல்லாம் கறுத்து, தாடைக்குக் கீழே வெளுத்து, துடுப்பு விளிம்பில் சிவப்பு ஏறி நிற்கும். குஞ்சாக இருக்கும்போது குழப்பம் வரும். அப்போது வயிற்றுப்பக்கம் மலத்துளைக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைப் பிரித்து முள்ளை எண்ணுங்கள். ஜிலேபிக்கு மூன்று முள், அபூர்வமாக நான்கு. கரிமீனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. இந்தச் சோதனை தவறாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிக்லிட் குடும்பத்தின் தனிச்சிறப்பு இரண்டு. ஒன்று, தொண்டைக்குள் இன்னொரு ஜோடி தாடை. முன்வாய் இரையைப் பிடிக்க, தொண்டைத் தாடை அரைக்க என்று வேலை பிரிந்ததால், பாசி, நத்தை, செதில், குஞ்சு என்று எதையும் தின்னப் பழகும் வாய்ப்பு இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. இரண்டாவது, பிள்ளை வளர்ப்பு. இந்த இரண்டாவதில்தான் கரிமீனும் ஜிலேபியும் முற்றிலும் வேறு வழியில் போகின்றன.

கரிமீன் ஜோடி சேர்ந்துதான் குடும்பம் நடத்தும். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கெட்டியான பரப்பைத் தேர்ந்தெடுக்கும்: மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டை, கல், ஓடு, தென்னை மட்டை, நட்டு வைத்த கழி. வாயாலேயே அதைச் சுத்தம் செய்து, முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்ட வைக்கும். ஒரு தடவைக்கு ஆயிரம் முட்டை அளவில்தான். கட்லாவும் ரோகுவும் ஒரு கிலோ உடல் எடைக்கு லட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். கரிமீன் மாறிமாறி நின்று துடுப்பால் விசிறி நீரோட்டம் கொடுத்து, பூசணம் பிடித்த முட்டையைப் பொறுக்கி எடுத்துக் காவல் காக்கும். மூன்று நான்கு நாளில் பொரிந்ததும், நீந்தத் தெரியாத குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு போய் முன்கூட்டியே சேற்றில் தோண்டி வைத்த சின்னக் குழிகளில் விடும். ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். நீந்தத் தொடங்கிய பிறகும் பல வாரம் தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்தின் இரண்டு பக்கமும் போகும்.

ஆரஞ்சு குரோமைடும் இப்படியே ஜோடியாக வளர்க்கும். அதன் குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்று வளரும். இலங்கையின் களப்புகளில் (கடலோர உப்புநீர் ஏரிகளில்) செய்த ஆய்வுகளில் இந்த இரண்டு இனத்துக்கும் இடையே உள்ள உறவு தெரியவந்தது. சின்ன மீன் பெரிய கரிமீனின் உடம்பிலிருந்து பூசணத்தையும் ஒட்டுண்ணிகளையும் கொத்திச் சுத்தம் செய்கிறது. அதே சின்ன மீன், காவல் தளர்ந்த நேரம் பார்த்துக் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. அதனால்தான் கரிமீனுக்கு இரண்டு காவலாளி தேவைப்படுகிறது. ஜோடியில் ஒன்றைப் பிடித்துவிட்டால் மிச்சமிருக்கும் ஒன்றால் அந்த ஈற்றைக் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். கரையோரத் தெளிந்த தண்ணீரில் அசையாமல் நிற்கும் கரிமீனைப் பிடிப்பது சுலபம் என்று தூண்டில்காரர்களுக்குத் தெரியும். அது அசையாமல் நிற்பதே காவலுக்காகத்தான்.

ஜிலேபியின் வழி வேறு. மொசாம்பிக் ஜிலேபியின் ஆண் குளத்தடியில் தட்டு போல ஒரு குழி பறிக்கும். சித்திரை வைகாசியில் குளம் வற்றும்போது இந்தக் குழிகள் வரிசையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பெண் அங்கே முட்டையிட்டு, உடனே அத்தனையையும் வாய்க்குள் எடுத்துக்கொண்டு போய்விடும். முட்டை பொரிவதும் குஞ்சு வளர்வதும் வாய்க்குள்ளேயே. வெளியே நீந்தத் தொடங்கிய பிறகும் ஆபத்து என்றால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். ஒட்டி வைக்கக் கல்லும் கட்டையும் வேண்டாம், இரண்டாவது காவலாளி வேண்டாம், தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. குளம் வற்றினால் தாய் முட்டையோடு அடுத்த பள்ளத்துக்கு நகர்ந்துவிடும். இரண்டு மூன்று மாத வயதில், விரல் நீளத்திலேயே பருவமடைந்து, வெப்பமான தண்ணீரில் மாதத்துக்கு ஒருமுறை போல ஈனும். நன்னீர், உவர்நீர், கடல்நீர் எல்லாவற்றையும் தாங்கும்.

இதை நம் டெல்டாவின் ஆண்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூன் 12-ல் திறப்பு, ஜனவரி கடைசியில் மூடல் என்பது நடைமுறை. தண்ணீர் வராத மாதங்களில் வாய்க்கால் துண்டு துண்டான குட்டைகளாகிவிடும். திறப்பதற்கு முன்னால் தூர்வாருகிறோம் என்று இயந்திரத்தை இறக்கி, கரையில் இருக்கும் கோரை, செடி, வேர், கட்டை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வழித்து எடுக்கிறோம். கரிமீன் முட்டை ஒட்டும் பரப்பும், குஞ்சு ஒளியும் இடமும் அதோடு போய்விடுகின்றன. சிமென்ட் போட்ட வாய்க்காலில் முட்டை ஒட்டப் பரப்பு உண்டு என்று வாதாடலாம்; ஆனால் குஞ்சுக்குக் குழி தோண்டச் சேறு வேண்டாமா? இப்படிப்பட்ட இடத்தில் வாய்க்குள் குஞ்சு வளர்க்கிற மீன் ஜெயிப்பதில் ஆச்சரியமே இல்லை.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல். கரிமீனுக்குப் பிடித்தது உப்பும் நன்னீரும் கலக்கும் இடம். முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக் களப்பு, கொள்ளிடம் முகத்துவாரம், பிச்சாவரம் எல்லாம் அப்படிப்பட்டவை. கடைமடை ரெகுலேட்டர்களும் கதவணைகளும் உப்பு ஏறாமல் வயலைக் காப்பாற்றுகின்றன, அவை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் மீன் மேலும் கீழும் போய்வரும் பாதையை அவை அடைக்கின்றன என்பதும் உண்மை. 1990-களில் இறால் பண்ணைகள் கழிமுகக் கரைகளை வளைத்தபோது டெல்டாவின் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் வழக்குத் தொடுத்து, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். நிலமும் குடிநீரும் உப்பாவதுதான் அந்த வழக்கின் மையம். கழிமுக மீன்களுக்கும் அதில் பங்கு இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஜிலேபி எப்படி வந்தது? 1952-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பஞ்சமும் பற்றாக்குறையும் இருந்த காலம், ஏழைக்கு மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். குளம் குளமாகப் பகிர்ந்தார்கள். சில வருடத்திலேயே குள்ளமான மீன்கள் பெருகி மற்ற மீன்களை நெருக்குவது தெரிந்து, 1959-ல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்பக் கூடாது என்று தடை போட்டது. அதற்குள் பரவிவிட்டது. காவிரியின் துணையாறான அமராவதியின் அணையில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு ஜிலேபி என்ற நிலை வந்தது. கரிமீன் தின்னும் பாசியையும் மக்கிய சருகையும் ஜிலேபியும் தின்னும், அதோடு கிடைத்த முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். ஆக நெருக்கடி உண்மைதான்.

ஆனால் ஜிலேபியை வெறுக்க வேண்டாம் என்பேன். இங்கே வாய்க்காலை நிறைத்த அதே மொசாம்பிக் ஜிலேபி, சொந்த ஊரான சாம்பெசி ஆற்றுப் பகுதியிலும் அதற்குத் தெற்கேயும் அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடிய இனம் என்று பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அங்கே வளர்ப்புக்காகக் கொண்டுவந்த நைல் ஜிலேபியோடு கலந்து அதன் தூய வம்சம் கரைந்துகொண்டிருக்கிறது. விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980-களில் அது பெருகியபோது அங்கே மட்டுமே இருந்த சிக்லிட் இனங்களில் இருநூறு வரை காணாமல் போயின என்பது மதிப்பீடு. மடகாஸ்கரில் நம் கரிமீனின் சொந்தக்காரர்கள் சிலர் ஓரிரு ஏரிகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். காடு அழிந்து ஆற்றில் மண் சேர்ந்ததும், வெளியிலிருந்து வந்த மீன்களும்தான் காரணம். எல்லா இடத்திலும் மீனை இடம் மாற்றியது மனிதக் கைதான்.

நம் கரிமீனுக்கு மொத்தத்தில் உடனடி ஆபத்து இல்லை. சிவப்புப் பட்டியலில் அது கவலை குறைந்த இனம்தான். கேரளம் 2010-ல் அதை மாநில மீனாக அறிவித்து வளர்ப்பையும் ஊக்குவித்தது. ஆனால் ஓர் இனம் உலகத்தில் எங்கோ பத்திரமாக இருப்பது உங்கள் ஊர் வாய்க்காலுக்கு உதவாது. அதனால் உங்கள் குளத்தில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

கால்வாயோடு தொடர்புள்ள நீர்நிலையில் ஜிலேபியை முழுதாக ஒழிக்க முடியாது, அதில் பணத்தைப் போடாதீர்கள். தனியாக இருக்கும் குளம் என்றால், வைகாசியில் வற்றும்போது மிச்சப் பள்ளத்தில் வலையிழுத்து விரால், கெளுத்தி, குரவை, கரிமீன் போன்ற நம் மீன்களைத் தொட்டியிலோ வேறு குளத்திலோ பத்திரப்படுத்துங்கள். பிறகு மிஞ்சிய குட்டையில் இலுப்பைப் புண்ணாக்கு போடலாம். ஒரு ஹெக்டேருக்கு ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால் 2,500 கிலோ என்பது மீன் வளர்ப்போர் வழக்கமாகச் சொல்லும் அளவு. நஞ்சு தணிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அது நல்ல மீன், கெட்ட மீன் பார்க்காது, எல்லாவற்றையும் கொல்லும். அதனால் மீன்வளத் துறை அலுவலரைக் கேட்காமல் இறங்காதீர்கள். ஓடும் வாய்க்காலில் ஒருபோதும் போடாதீர்கள். தண்ணீர் வரும் மதகில் நைலான் வலைத் தடுப்பு இல்லையென்றால் அடுத்த திறப்பில் ஜிலேபிக் குஞ்சு உள்ளே வந்துவிடும், செலவும் வீண்.

ஜிலேபியின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க விராலை விட நல்ல துணை இல்லை. விரால் ஜிலேபிக் குஞ்சுகளை விரும்பித் தின்னும். கரிமீன் குஞ்சையும் தின்னும்தான். ஆனால் கரையோரத்தில் ஒளிய இடமும் காவலுக்கு ஜோடியும் இருந்தால் கரிமீன் தாக்குப்பிடிக்கும்.

அந்த ஒளிவிடம்தான் முக்கியம். குளத்தில் ஒரு மூலையில் கோடையிலும் தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு ஆழமான மடு விடுங்கள். தூர்வாரும்போது ஒரு வருடம் ஒரு கரை, அடுத்த வருடம் மறு கரை என்று முறை வைத்துக்கொள்ளச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். ஆகாயத்தாமரையை எடுங்கள், கோரையையும் அல்லியையும் கொஞ்சம் விடுங்கள். ஆழம் குறைந்த ஓரத்தில் மூங்கில் கழி, உடைந்த ஓடு, தென்னை மட்டை போட்டு வையுங்கள். செலவே இல்லாத வேலை. கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் உள்ளூர் மீனவர்களின் பாதுகாப்பு மன்றங்கள் மூங்கிலும் மரக்கிளையும் நட்டு, உள்ளே யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று தாங்களே விதி வகுத்து மீன் சரணாலயங்கள் அமைத்திருக்கிறார்கள். முத்துப்பேட்டைக் களப்பிலும் அதே மாதிரி முயன்று பார்க்கலாம், முதலில் மீனவக் கிராமங்கள் கூடிப் பேச வேண்டும்.

குளத்தைக் குத்தகை விடும்போது ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது, அது தடை செய்யப்பட்ட மீன், கிஃப்ட் திலாப்பியா விடக் கூடாது. கிஃப்ட் என்பது நைல் ஜிலேபியில் 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு வளர்ப்பில் உருவான ரகம், நன்றாக வளரும். முறையாகப் பதிவு செய்து, தண்ணீர் வெளியேறும் இடங்களில் தடுப்பு வைத்த பண்ணையில் வளர்ப்பதற்கு எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆண் மீன் மட்டும்தான் தருகிறோம் என்று சொல்வார்கள். நூற்றுக்கு நூறு ஆணாக வரும் என்று நம்பி, வெள்ளத்தில் கரை உடையும் கோயில் குளத்தில் அதை விட முடியாது. மார்கழி மழையில் டெல்டாவில் எந்தக் குளம் எந்த வாய்க்காலோடு சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவும் ஒரு கோடை, ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு கரிமீன் குஞ்சைப் பற்றி யோசியுங்கள். கேரளத்திலிருந்து லாரியில் வரும் குஞ்சை வாங்காதீர்கள். கிழக்குக் கரையின் கரிமீன் வம்சத்தோடு அதைக் கலக்க வேண்டிய அவசியம் இல்லை. முத்துப்பேட்டைப் பக்கத்து மீனவர்களிடம் உயிரோடு பத்துப் பதினைந்து ஜோடி கேட்டு வாங்குவது நல்லது. உவர்நீரில் பிடித்ததை ஒரே நாளில் நன்னீரில் போடாமல், தொட்டியில் வைத்துச் சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்து விடுங்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கரிமீன் குஞ்சு உற்பத்தியில் நிறைய வேலை செய்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

விட்ட பிறகு முதல் வருடம் அந்த மூலையில் வலையும் தூண்டிலும் வேண்டாம். தண்ணீர் தெளிந்திருக்கும் நாட்களில் காலையில் கரையோரம் நடந்து பாருங்கள். குஞ்சுக் கூட்டத்தோடு ஒரு ஜோடியாவது தெரிந்தால் அங்கே ஒரு கழி நட்டு அடையாளம் வைத்து, ஒரு மாதம் யாரும் கலைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வருடமும் அப்படி ஜோடிகள் தெரிந்தால் மேற்கொண்டு மீன் வாங்கி விட வேண்டிய தேவை இல்லை. தெரியவில்லை என்றால் இன்னும் ஆயிரம் குஞ்சு வாங்கும் முன், மடுவில் கோடையில் தண்ணீர் நின்றதா, மதகு வலை கிழியாமல் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.